முத்திரை மரக்கால்: கூலித் தகராறில் மத்தியஸ்தரின் வேலை

கூலித் தகராறு என்று பேச்சு எழுந்தவுடன் எல்லோரும் முதலில் கேட்பது யார் பக்கம் நியாயம் என்பதைத்தான். மத்தியஸ்தம் பேசப் போகிறவர் அந்தக் கேள்வியோடு உள்ளே நுழையக் கூடாது. எதைக் கொண்டு எதை அளக்கிறார்கள் என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்கள் 1940களில் சங்கமாகத் திரண்டபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கூலி நெல்லை முத்திரை மரக்காலால் அளந்து போட வேண்டும் என்பது. கூலியை உயர்த்தச் சொன்னது தனிக் கோரிக்கை. பேசிய கூலி இரண்டு மரக்கால் என்றே இருக்கட்டும், அந்த மரக்கால் எந்த மரக்கால்? களத்துமேட்டில் நெல்லை வாங்க ஒரு மரக்கால், ஆளுக்கு அளக்கக் கொஞ்சம் சிறிய மரக்கால் என்று இரண்டு வைத்திருந்தால், பேசிய பேச்சு அப்படியே நிற்கும். முந்தானையில் விழும் நெல் மட்டும் குறையும். வாயை வழித்து அளப்பதா, கூம்பு நிற்க அளப்பதா என்பதிலும் ஒரு பிடி நெல் அடங்கியிருக்கிறது. அரசு முத்திரை குத்திய மரக்கால் களத்துக்கு வந்துவிட்டால் அந்த வாக்குவாதம் எழ வழியில்லை. மத்தியஸ்தர் என்பவர் தகராறுக்குள் முத்திரை மரக்காலைக் கொண்டுவருபவர் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். கோபத்தைத் தணிப்பதும் கைகொடுக்க வைப்பதும் அதற்குப் பின்னால் வருகிற காரியங்கள். அளவைச் சரிபார்க்காமல் செய்துகொண்ட சமரசம், கையெழுத்தான நாளில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடுத்த அறுவடைக்குள் பிய்த்துக்கொள்ளும்.

திருக்காட்டுப்பள்ளிக்காரர்களுக்குப் பங்கீடு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிவது இந்த ஊரருகேதான். ஷட்டரை எவ்வளவு தூக்கினார்கள், எத்தனை நாள் தூக்கினார்கள் என்று கேட்டுத்தான் இங்கே தண்ணீர் வழக்கைப் பேசுவார்கள். கூலி வழக்கிலும் அந்த ஒழுங்கு வேண்டும். அரிசி ஆலைக்காரர், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர், படுகையில் வாழை போட்டிருக்கும் விவசாயி, நடவுக்கு ஆள் கூட்டி வரும் பெண், சங்கத்தின் கிளைச் செயலாளர், கடைத்தெருவில் வர்த்தகர் சங்கப் பொறுப்பில் இருப்பவர் என்று இவர்களில் யாரை வேண்டுமானாலும் ஒரு நாள் ‘நீங்க வந்து கொஞ்சம் பேசி முடிச்சு வையுங்க’ என்று கூப்பிடலாம். கூப்பிடப்பட்டவர் முதலில் தன் இடம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியஸ்தருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஒருவரிடம் முடிவை ஒப்படைத்தால் அவர் தீர்ப்பாளர். அது வேறு ஏற்பாடு. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் சட்டப்படி நியமிக்கப்பட்டவர் என்றாலும், அவரும் பேசவைக்கலாம், யோசனை சொல்லலாம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம். இன்ன கூலிதான் என்று விதிக்க முடியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அதிகாரம் இல்லாத இந்த மூவரும் எதை வைத்துக் காரியம் சாதிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள டெல்டாவின் சொந்த வரலாற்றுக்கே போகலாம். கூலித் தகராறுக்கு முத்தரப்பாக உட்கார்ந்து பேசுவதில் இந்த மண்ணுக்கு 80 ஆண்டுப் பழக்கம் உண்டு.

கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1943இல் கீழத்தஞ்சைக்கு வந்து பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் திரட்டத் தொடங்கினார். 1944இல் மன்னார்குடியில் நிலவுடைமையாளர், விவசாயிகள் சங்கத்தார், அரசு அதிகாரிகள் என்று மூன்று தரப்பும் கூடி ஓர் ஒப்பந்தம் கண்டார்கள். சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் இனி இல்லை என்பது அதன் சாரமான பகுதி. ஒரு மனிதனை அடிக்கக் கூடாது என்பதையே ஒப்பந்தமாக எழுதிக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. பண்ணையாள் முதலாளியோடு ஒரே கூடத்தில் அமர்ந்து பேசியதே அன்றைக்குப் பெரிய மாற்றம். அடுத்து 1948இல் மாயவரம் ஒப்பந்தம் வந்தது. 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு முழுச் சட்டமாகவும் வந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் 40 சதவீதப் பங்கு என்று அது வகுத்தது. தகராறுகளைச் சமரச அலுவலரிடமும் அதற்கு மேல் வருவாய் நீதிமன்றத்திடமும் கொண்டுபோக வழி வைத்தது. தொழிற்சாலைகளுக்கு 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் சமரச அலுவலரைக் கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்குள் தஞ்சையின் வயலுக்கும் அந்தப் பதவி வந்துவிட்டது. இந்தியாவில் வேறு எத்தனை மாவட்டத்து வயலாட்களுக்கு அப்படி ஒரு வாசல் திறந்திருந்தது?

வாசல் திறந்திருந்தும் பலன் ஏன் பாதியில் நின்றது? 1952 சட்டம் பாதுகாத்தது நிரந்தரப் பண்ணையாளை. சட்டம் வந்ததும் நிலவுடைமையாளர் பலர் பண்ணையாளை வைத்துக்கொள்வதையே நிறுத்தி, அன்றாடக் கூலிக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். நேற்றுவரை பண்ணையாளாக இருந்தவர் இன்று கூலியாள். சட்டத்தில் அவருக்கு இடமில்லை. இதை ஏமாற்று என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் மத்தியஸ்தருக்குப் பாடம் கிடைக்காது. ஒப்பந்தம் யாரைக் கட்டுப்படுத்துகிறது, யாருக்குப் பொருந்துகிறது என்ற வரையறை ஓர் ஓட்டை மரக்கால் மாதிரி இருந்தது. வழியில் நெல் சிந்திவிட்டது. வேலையாளின் பெயரை மாற்றினாலே ஒப்பந்தத்திலிருந்து நழுவலாம் என்றால் அந்த ஒப்பந்தம் அளவெடுத்துத் தைத்ததல்ல. இன்று அரிசி ஆலையிலோ செங்கல் சூளையிலோ பேச உட்காரும்போது இந்தக் கேள்வியையும் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்: நேரடி ஆளுக்குப் பேசுகிறோமா, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் சேர்த்தா, வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்கியிருப்பவருக்கும் சேர்த்தா? பதில் காகிதத்தில் ஏறாவிட்டால், நேரடி ஆளின் இடத்தில் ஒப்பந்த ஆள் வருவார். அவரிடத்தில் இன்னும் மலிவான ஒருவர் வருவார்.

1960களில் விளைச்சல் கூடியது, விலைவாசி ஏறியது, கூலிச் சண்டையும் கூர்மையானது. மறுபடி முத்தரப்புப் பேச்சுகள் நடந்தன, கூலி நிர்ணயம் ஆனது, கையெழுத்துகள் விழுந்தன. ஆனால் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கலாமா என்ற கேள்விக்கு இரு தரப்பும் ஏற்ற பதில் வரவில்லை. அறுவடைக்கு நிற்கும் நெல் யாருக்காகவும் காத்திருக்காது. உள்ளூர்த் தொழிலாளிக்குத் தை மாதத்தில் கிடைக்கும் பத்து நாள் பலம் அதுதான். வெளியூர் ஆள் வந்துவிட்டால் அந்தப் பலமும் போய்விடும். நெல் உற்பத்தியாளர் சங்கம் ஒரு பக்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம் மறு பக்கம் என்று ஊர்கள் பிளந்து நின்றன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதை வெறும் கூலித் தகராறு என்று சொல்வது பெரும் அநியாயம்; சாதி ஆணவமும் செங்கொடியை இறக்கச் சொன்ன அதிகாரமும் அதில் இருந்தன. ஆனாலும் கூலியின் அளவும் வெளியூர் ஆள் பிரச்சினையும் தீராமல் மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தன என்பதை மத்தியஸ்தர் வேலைக்கு வருகிற யாரும் மறக்கக் கூடாது. அதன் பிறகு விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி அளவு சட்டத்திலேயே ஏறியது, சமரச அலுவலரும் அதில் இடம்பெற்றார். 44 உயிர்கள் போனபின் செய்ததை அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே செய்திருக்க முடியாதா என்ற கேள்வி இந்த மாவட்டத்தின் மேல் இன்னும் நிற்கிறது.

இந்தக் கால் நூற்றாண்டுக் கதையை வைத்துச் சிலர் வேறொரு முடிவுக்கு வருகிறார்கள்: மத்தியஸ்தமே பயனற்றது, பலம் உள்ளவன் மதிக்காத ஒப்பந்தத்தை எழுதி என்ன லாபம்? இதில் உண்மை இருக்கிறது. சமமில்லாத இருவருக்கு நடுவில் ‘நடுநிலை’ என்று நிற்பவர், நடந்துகொண்டிருக்கும் அநியாயத்துக்குத் துணை போகிறவராக ஆகிவிடலாம். 100 ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு மாதம் காத்திருப்பார். அன்றாடம் உலை வைப்பவர் மூன்றாம் நாள் இறங்கி வருவார். அந்த நிலையில் ‘இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க’ என்பது நியாயம் போலத் தெரியும்; உண்மையில் பசி எழுதிய தீர்ப்பு அது. ஆனால் இந்த எதிர்வாதம் தாக்குவது மோசமான மத்தியஸ்தத்தை. சவுக்கடி கூடாது என்பதை 1944இல் நடுவில் வெட்டிப் பாதி சவுக்கடி என்று யாரும் எழுதவில்லை. பேரத்துக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்று பிரித்து வைப்பது மத்தியஸ்தரின் முதல் கடமை. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி, வேலையிடத்தில் அடி உதை இல்லாமை, சங்கம் சேரும் உரிமை ஆகியவை மேசைக்கு வரவே கூடாது; அவை மேசையின் கால்கள். அதற்கு மேலே உள்ளதைத்தான் பேச வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே இரு தரப்பிடமும் சொல்லத் தைரியம் இல்லாதவர் வேறு யாரையாவது கூப்பிடச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நல்லது.

சமமின்மை உட்காரும் இடத்திலிருந்தே தொடங்குகிறது என்பதை டெல்டாவில் பிறந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆகவே மிராசு வீட்டுத் திண்ணையில் பேச்சுவார்த்தை கூடாது. கட்சி அலுவலகத்திலும் கூடாது. பள்ளிக்கூடம், பேரூராட்சி அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம் என்று இரு தரப்புக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே உயர நாற்காலி, ஒரே டம்ளரில் டீ. இது அலங்காரம் இல்லை. நின்றுகொண்டே பேசப் பழக்கப்பட்டவர் உட்கார்ந்தால்தான் முழு வாக்கியம் பேசுவார். நடவு, களை பறிப்பு போன்ற வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பேச வருகிறவர் மட்டும் ஆள் கூட்டி வரும் ஆணாக இருப்பார். அவருக்கும் அந்தப் பெண்களுக்கும் இடையே ஒரு தரகுக் கணக்கு இருக்கக்கூடும். வயலில் இறங்கி நின்றவர்களில் இரண்டு பேராவது கூடத்தில் இருக்க வேண்டும் என்று மத்தியஸ்தர் கறாராகச் சொல்ல வேண்டும்.

யாரோடு பேசுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைய சாட்சி ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிற்சாலை வேலைநிறுத்தம். 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது தலையாய கோரிக்கை. அக்டோபர் 7 அன்று அமைச்சர்கள் முன்னிலையில் ஓர் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. சலுகைகளும் அதில் இருந்தன. ஆனால் நிர்வாகத்தோடு கையெழுத்திட்டது வேறொரு தொழிலாளர் குழு. வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை, பந்தல் கலையவில்லை. ஒரு வாரம் கழித்து, போராடும் தொழிலாளர்களின் சங்கத்தாரோடு பேசிய பிறகுதான் 37 நாள் போராட்டம் அக்டோபர் 15 அன்று முடிவுக்கு வந்தது. அந்த முடிவின் வாசகம் சிறியது: தொழிலாளர் உடனே வேலைக்குத் திரும்புவது, போராடியதற்காக நிர்வாகம் பழிவாங்காமல் இருப்பது, தொழிலாளர் ஒத்துழைப்பது, கோரிக்கைப் பட்டியலுக்கு நிர்வாகம் சமரச அலுவலர் முன் எழுத்தில் பதில் தருவது. கூலி எவ்வளவு என்ற கேள்வி அதில் தீர்க்கப்படவில்லை, சங்கத்தின் பதிவும் 2025 ஜனவரியில்தான் வந்தது. ஆனால் சரியான ஆட்கள் சரியான கேள்வியில் கையெழுத்திட்டிருந்தார்கள். சலுகை நிறைந்த முதல் காகிதத்தால் முடியாததைச் சலுகையே இல்லாத இரண்டாவது காகிதம் செய்தது. பிறகு 2025 பிப்ரவரியில் நிர்வாகிகள் சிலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டு மறுபடி போராட்டம் எழுந்தது. பழிவாங்கல் கூடாது என்று எழுதினால் மட்டும் போதாது. எதைப் பழிவாங்கல் என்று கொள்வது, அப்படி நடந்தால் யாரிடம் எத்தனை நாளுக்குள் முறையிடுவது என்பதையும் எழுத வேண்டும் என்பது அதில் உள்ள பாடம்.

இனி நம் ஊர்ப்பக்கத்து உதாரணம் ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். நெல் கொள்முதல் நிலையம். குறுவையோ சம்பாவோ, களத்தில் குவியலாகக் கிடக்கும் நெல்லைத் தூற்றி, ஈரப்பதம் பார்த்து, சாக்கில் பிடித்து, 40 கிலோ சிப்பமாக எடை வைத்து, வாய் தைத்து, அட்டி அடுக்கி, லாரி வந்ததும் ஏற்றிவிடுவது சுமைப்பணித் தொழிலாளர்கள். கூலி மூட்டைக் கணக்கு. விவசாயி மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற புகாரும், கூலி போதவில்லை, காலத்தில் வரவில்லை என்ற தொழிலாளர் புகாரும் பருவம்தோறும் எழுகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் இது மூட்டைக்கு எத்தனை ரூபாய் என்ற சண்டை. மத்தியஸ்தர் நேராக அந்த எண்ணில் போய் விழுந்தால் காய்கறிக்கடை பேரம்தான் நடக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அந்த நிலையத்தில் இரண்டு நாள் உட்காரட்டும். ஒரு சிப்பம் தரையிலிருந்து லாரிவரை போக எத்தனை கை மாறுகிறது? ஒரு நாளில் எத்தனை சிப்பம்? அதை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள்? சாக்கு வராமல், லாரி வராமல், மழையால், பருவத்தில் எத்தனை நாள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்? இந்த நாலு எண்ணும் தாளில் விழுந்தால் பல நேரம் சண்டையின் முகமே மாறிவிடும். மூட்டைக் கூலியில் ஒரு ரூபாய் கூடுவதைவிட, மாதத்தில் வேலையில்லாமல் போகும் ஐந்து நாள் குறைவது தொழிலாளிக்குப் பெரிய லாபமாக இருக்கக்கூடும்.

இன்னொன்றும் தெரியவரும். லாரி இயக்கம் தாமதமானால் அட்டியில் கிடக்கும் நெல் காய்ந்து எடை இறங்குகிறது. இறங்கிய எடைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பருவகாலப் பட்டியல் எழுத்தர். அந்தப் பயத்தில் எடை வைக்கும்போதே கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கத் தோன்றும். அது விவசாயியின் நெல். விவசாயிக்குக் கோபம் வருகிறது, கண்ணெதிரே தராசில் நிற்பவர் சுமைதூக்குபவர் என்பதால் கோபம் அவர்மேல் பாய்கிறது. ஆக, களத்தில் கைகலப்புக்குப் போகும் இருவரும் வராத லாரியின் பாரத்தைத் தலைக்குத் தலை சுமந்துகொண்டிருக்கிறார்கள். லாரியை அனுப்பும் தரப்பு மேசையில் இல்லை. மத்தியஸ்தர் செய்ய வேண்டியது, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல அலுவலகத்தையும் போக்குவரத்து ஒப்பந்தக்காரரையும் அதே மேசைக்குக் கொண்டுவந்து, கொள்முதல் செய்த சிப்பம் எத்தனை நாளுக்குள் நகரும், நகராவிட்டால் எடைக்குறைவு யார் கணக்கில் என்று எழுதி வாங்குவது. முத்திரை மரக்கால் இங்கே ஒரு தேதியாகவும் ஒரு கணக்காகவும் உருமாறுகிறது. அறுவடை இயந்திரங்களுக்கு மணி வாடகை நிர்ணயிக்க டெல்டா மாவட்டங்களில் ஆட்சியர்கள் இயந்திர உரிமையாளர், விவசாயிகள், அதிகாரிகள் மூவரையும் கூட்டுகிறார்கள் அல்லவா, அந்த முறையைத் தொழிலாளர் பிரச்சினைக்கும் பருவம் தொடங்கும் முன்பே கையாண்டால் பாதித் தகராறு களத்துக்கே வராது.

‘இவ்வளவு எதற்கு, நீதிமன்றம் இருக்கிறதே’ என்பார் உண்டு. நீதிமன்றம் வேண்டும்தான். பணிநீக்கம் செல்லுமா, பணிக்கொடை பாக்கியா என்பது போன்ற உரிமை வழக்குகளில் தீர்ப்பே பாதுகாப்பு. ஆனால் அடுத்த ஆண்டு கூலி எவ்வளவு, ஷிப்ட் எப்படி, மழை நாளுக்கு என்ன என்பவற்றை இருவரும் சேர்ந்து உருவாக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தீர்ப்பு அதில் ஒரு பக்கத்தைத் தோற்றவராக வேலைக்கு அனுப்பும். வழக்கு முடிந்த மறுநாளும் இருவரும் அதே ஆலையில் அதே தூசியைத்தான் சுவாசிக்கப் போகிறார்கள். தவிர, சமரசத்தில் கண்ட ஒப்பந்தத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பலத்தைப் பலர் அறிவதில்லை. 1947 சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ்ச் சமரச அலுவலர் முன் ஏற்பட்ட ஒப்பந்தம், கையெழுத்திட்ட சங்கத்தை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் எல்லோரையும், பிறகு வேலைக்குச் சேர்பவரையும், நிறுவனத்தை வாங்குபவரையும்கூடக் கட்டுப்படுத்தியது. இரு தரப்பும் தாமாக எழுதிக்கொண்ட காகிதம் அவ்விருவரை மட்டுமே கட்டும். பண்ணையாள் பெயரை மாற்றி நழுவிய பழைய ஓட்டைக்கு இது நல்ல அடைப்பு. ஆகவே வெளியில் பேசி முடித்தாலும், அதைத் தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன் கொண்டுபோய் முறைப்படி ஒப்பந்தமாக்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

தாமதம் பற்றிய புகார் இதைவிடக் கனமானது. வாய்தா வாய்தாவாகப் பேச்சு இழுத்துக்கொண்டே போனால் வேலைநிறுத்தம் களைத்துப் படுத்துவிடும். நிர்வாகத்துக்கு அதுவே வெற்றி. இதை மறுக்க முடியாது. 1947 சட்டம் சமரசத்துக்கு 14 நாள் என்றது. நடைமுறையில் அது மாதக்கணக்கில் ஓடியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, பொதுவான தகராறுக்கு 45 நாள், வேலைநிறுத்த அறிவிப்பு வந்திருந்தால் 14 நாள் என்று வைத்திருக்கிறது. முறிந்தால் அரசு அனுப்பிவைக்கும்வரை காத்திராமல் 90 நாளுக்குள் நேரடியாகத் தீர்ப்பாயம் போகலாம். அதே தொகுப்பு, சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள்வரையும் வேலைநிறுத்தம் கூடாது என்பதை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. முன்பு அது பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த கட்டு. தொழிலாளியின் கையைக் கட்டிவிட்டுப் பேசச் சொல்வதாகச் சங்கங்கள் இதை எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. கை கட்டப்பட்டிருக்கும் நாளில் மத்தியஸ்தரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. முதல் அமர்விலேயே கடைசி அமர்வின் தேதியை எழுதி இரு தரப்புக்கும் கொடுக்க வேண்டும். நிர்வாகத்தின் பக்கம் முடிவெடுக்க அதிகாரம் இல்லாதவர் வந்து உட்கார்ந்தால் அன்றைய குறிப்பில் அதைப் பதிவு செய்ய வேண்டும். பேச்சு முறிகிறது என்று தெரிந்தால் கெஞ்சிக்கொண்டிருக்காமல் முறிவு அறிக்கையை உடனே எழுத வேண்டும். நேர்மையான முறிவு அறிக்கையும் மத்தியஸ்தரின் நல்ல வேலைகளில் ஒன்று.

ஊர்ப் பஞ்சாயத்தே போதாதா என்றும் கேட்பார்கள். ஊர்ப் பெரியவருக்கு ஆட்களைத் தெரியும், நிலத்தைத் தெரியும், ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த வேகம் மதிக்கத்தக்கதுதான். ஆனால் அங்கே அளவை முன்னரே ஒரு தரப்பு கையில் வைத்திருக்கிறது. ஊர் என்று சொல்லும்போது தெருவைத்தான் சொல்கிறோமா, தலித் குடியிருப்பையும் சேர்த்தா என்ற கேள்வி இந்த மாவட்டத்தில் இன்னும் கேட்கப்பட வேண்டியதே. பெரியவரின் அறிவு கூடத்துக்கு வரட்டும்; சாட்சியாக, விவரம் சொல்பவராக வரட்டும். தலைமை நாற்காலி அவருக்கு வேண்டாம்.

அளவு தெரிந்தபின் மிஞ்சி நிற்பது மானம். அதை அற்பமாக எண்ணக் கூடாது. 1918இல் ஆமதாபாத் பஞ்சாலைத் தகராறில் தொழிலாளர் 35 சதவீத உயர்வு இல்லாமல் திரும்ப மாட்டோம் என்று சபதம் எடுத்திருந்தார்கள்; முதலாளிகள் 20க்கு மேல் இல்லை என்று உறுதியாக நின்றார்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்த அந்தத் தகராறின் முடிவு விசித்திரமானது: முதல் நாள் 35 சதவீதம், தொழிலாளர் சபதம் காப்பாற்றப்பட்டது, இரண்டாம் நாள் 20, முதலாளி சொல் காப்பாற்றப்பட்டது, மூன்றாம் நாளிலிருந்து இடைப்பட்ட 27½, நடுவர் ஆனந்தசங்கர் துருவாவின் தீர்ப்பு வரும்வரை. தீர்ப்பு 35 என்றே வந்தது. காசுக் கணக்கில் அந்த முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. இரு தரப்பும் தலை நிமிர்ந்து ஆலை வாசலுக்குள் நுழைய அது போதுமாக இருந்தது. மத்தியஸ்தர் தனித்தனியே இரு தரப்பையும் சந்திக்கும்போது, எந்த எண்ணில் பிடிவாதம், எந்த எண்ணில் கௌரவம் என்று பிரித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். தனியாகச் சொன்னதை மறு தரப்பிடம் போட்டுடைப்பவரை இரண்டாம் முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஒப்பந்தத்தை எழுதும்போது கையெழுத்திடுகிறவர்களில் மிகக் குறைவாகப் படித்தவருக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். வாசித்துக் காட்டி, அவர் வாயால் திரும்பச் சொல்லவைத்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். ‘நியாயமான கூலி’, ‘தேவையான வசதி’, ‘விரைவில்’ போன்ற சொற்கள் சின்ன மரக்கால்கள். அவற்றை அடித்துவிட்டு ரூபாய், கிலோ, தேதி என்று போடுங்கள். எந்தத் தராசு, அதை யார் கடைசியாகச் சோதித்து முத்திரையிட்டார்கள், சாக்கின் எடை கழித்தா கழிக்காமலா, கூலி வாரத்தில் எந்தக் கிழமை, வங்கியிலா கையிலா, பேசப்பட்டது யார் யாருக்குப் பொருந்தும், மீறினால் முதல் புகார் யாரிடம் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். அந்தப் பக்கத்தின் நகல் ஆலைச் சுவரிலோ நிலையத்தின் தராசுக்கு மேலோ ஒட்டப்பட வேண்டும், வேலைக்கு வருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் ஆண்டானால் அதற்கு ஒரு மாதம் முன்பாக, குறுவை ஆள் கணக்குப் பேசத் தொடங்கும் முன், இரு தரப்பும் மறுபடி ஒருமுறை கூடும் நாளையும் அதிலேயே குறித்துவிடுங்கள். அந்த நாளில் மத்தியஸ்தரும் வர வேண்டும், முதல் கூட்டத்தில் எழுதிய அதே நோட்டுப் புத்தகத்தோடு.